ஸியோனா, சாதாரண ஐ5-ஆ: மலைநாட்டில் சின்னச் சேவர் வாங்குமுன்

கொழும்பிலிருந்து வரும் கொட்டேஷனில் பெரும்பாலும் இரண்டு தெரிவு இருக்கும். ஒன்று, இன்டெல் ஸியோன் ஈ வகைப் புரொசெசர் போட்ட டவர் சேவர். மற்றது, கோர் ஐ5 அல்லது ரைசன் 5 போட்டுக் கடையிலேயே பொருத்தித் தரும் டெஸ்க்டொப். இரண்டிலும் 6 கோர், 12 திரெட், 16 ஜி.பி. ரெம் என்றே எழுதியிருக்கும். விலையில்தான் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். தோட்ட ஒபிஸ், கூட்டுறவுச் சங்கம், டியூட்டரி, மருந்துக்கடை என்று யார் வாங்கினாலும் முதலில் கேட்பது, "கூடக் கொடுக்கிற காசுக்கு வேகம் கூடுமா?" என்பதைத்தான்.

சொல்லும்படியாகக் கூடாது. இந்த ஒன்றைத் தெளிவாக்கிக்கொண்டால் மீதியை யோசிப்பது இலேசு.

ஸியோன் ஈ-2336ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்தது. 6 கோர், 12 திரெட், அடிப்படை வேகம் 2.9 கிகாஹேட்ஸ், உச்ச வேகம் 4.8, கேஷ் 12 எம்.பி., 65 வொட். அதே வருடம் வந்த கோர் ஐ5-11400இலும் 6 கோர், 12 திரெட், 12 எம்.பி. கேஷ், 65 வொட். வேகம் மட்டும் 2.6, 4.4. இரண்டும் ரொக்கெட் லேக் என்ற ஒரே வடிவமைப்பு. இரண்டுக்கும் மெமரி சனல் இரண்டுதான், ரெம் 128 ஜி.பி. வரைதான், பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் லேன் 20தான். ஏ.எம்.டி. பக்கம் இது இன்னும் வெளிப்படை. 2024 மே மாதம் வந்த எபிக் 4244பி-யும், கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் ரைசன் 5 7600உம் ஒரே ஏ.எம்.5 சொக்கெட்டில் உட்காரும். இரண்டும் 6 கோர், 3.8 முதல் 5.1 கிகாஹேட்ஸ், 65 வொட். எட்டு, பன்னிரண்டு மெமரி சனல் கொண்ட பெரிய சேவர் புரொசெசர்கள் வேறு இனம். "சேவர்" என்ற பெயரைக் கேட்டு அந்தப் பலம் இந்தச் சின்னதிலும் இருக்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

அப்படியென்றால் கூடுதல் காசு எங்கே போகிறது? பிழை திருத்தும் ரெம்மைப் பாவிக்கும் வசதிக்கு. மதர்போர்டில் இருக்கும் தூரக் கண்காணிப்புச் சிப்புக்கு. சேவர் சொப்ட்வெயாருடன் ஓடும் என்று உற்பத்தியாளர் சோதித்துத் தரும் உறுதிக்கு. இந்த மூன்றும் உங்கள் இடத்துக்குத் தேவையா என்பதுதான் உண்மையான கேள்வி. மலையில் அதற்குப் பதில் கொழும்பில் சொல்வதைப் போல் இருக்காது.

ஒரு பிட் மாறினால்

மேலே சொன்ன பிழை திருத்தும் ரெம்மின் பெயர் ஈ.சி.சி. ரெம். அதைப் பலர் "நல்ல தரமான ரெம்" என்று விளங்கிக்கொள்கிறார்கள். தரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. சாதாரண ரெம் 64 பிட் (0 அல்லது 1 என்ற குறி) தரவை அப்படியே வைத்துக்கொள்ளும். ஈ.சி.சி. ரெம் ஒவ்வொரு 64 பிட்டுக்கும் இன்னும் 8 பிட் சேர்த்து 72ஆக வைக்கும். அந்த 8 பிட்டைக் கொண்டு புரொசெசருக்குள் ரெம்மைக் கவனிக்கும் மெமரிக் கண்ட்ரோலர் கணக்குப் பார்க்கும். ஒரு பிட் மாறியிருந்தால் எது மாறியதென்று கண்டுபிடித்துத் திருத்திவிடும். இரண்டு பிட் மாறியிருந்தால் திருத்த முடியாது. ஆனால் பிழை என்று தெரிந்து மெஷினை நிறுத்தும், அல்லது பதிவு செய்யும். டி.டி.ஆர்.4 என்ற தலைமுறை ரெம் தகட்டைக் கையில் எடுத்து எண்ணினாலே பெரும்பாலும் தெரியும்: ஒரு பக்கத்தில் 8 கறுப்புச் சிப் இருந்தால் சாதாரணம், 9 இருந்தால் ஈ.சி.சி.

பிட் மாறுவதென்றால் என்ன என்பதைச் செக்ரோல், அதாவது தோட்டச் சம்பளப் பதிவேட்டுக் கணக்கில் வைத்துப் பாருங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் ஒரு பெண் எடுத்த 18 கிலோவை நிறுத்து எழுதுகிறார்கள். 18 என்ற முழு எண் மெமரியில் 00010010 என்று உட்காரும். அதில் இடமிருந்து நாலாவது பிட் 1இலிருந்து 0ஆகப் புரண்டால் மீதி 00000010, அதாவது 2. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் கூலிக்கான பதிவு, விழாது. அதற்கு முன்னாலுள்ள மூன்றாவது பிட் 0இலிருந்து 1ஆனால் 00110010, அதாவது 50. மேலதிகக் கிலோவுக்குக் காசு கூடப் போகும். எந்தப் பிழைச் செய்தியும் திரையில் வராது. தவறான எண் டிஸ்கில் எழுதப்படும், இரவில் பெக்கப்புக்கும் அதே தவறு போகும். மாதச் சம்பளச் சீட்டு கையில் கிடைத்த பிறகு "நான் அன்றைக்குப் பதினெட்டு கிலோ எடுத்தேன்" என்று ஒருவர் வந்து நின்றால், கொம்பியூட்டர் சொல்வதையே நம்புவார்கள். பிறருடைய கூலியைக் கணக்கு வைக்கும் மெஷினுக்கு ஈ.சி.சி. வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இது எவ்வளவு அடிக்கடி நடக்கும்? கூகுள் நிறுவனம் டொரொன்டோ பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களது சேவர்களில் இருந்த ரெம் தகடுகளில் 8 வீதத்துக்கும் அதிகமானவை ஒரு வருடத்துக்குள் குறைந்தது ஒரு பிழையாவது காட்டின. பிழைகள் எல்லாத் தகட்டிலும் சமமாகப் பரவி வரவில்லை. ஒருமுறை பிழை காட்டிய தகடு திரும்பத் திரும்பக் காட்டியது. பெரும்பகுதி தகட்டின் நிரந்தரப் பழுது என்பதுதான் அந்த ஆய்வின் முடிவு. ஆகவே ஈ.சி.சி.யின் பெரிய பலன் திருத்துவதை விடத் தெரியப்படுத்துவதில் இருக்கிறது: "இரண்டாவது ஸ்லொட்டில் உள்ள தகடு பழுதாகிறது, மாற்று" என்று முன்கூட்டியே சொல்லும்.

உயரமான இடத்தில் விண்வெளிக் கதிரால் பிட் அதிகம் புரளும் என்று சொல்பவர்களும் உண்டு. உயரம் கூடினால் நியூட்ரான் மழை கூடுவது உண்மைதான். ஆனால் இலங்கை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் பூமியின் காந்தப்புலம் அதில் ஒரு பங்கைத் தடுக்கிறது. நுவரெலியாவில் இருப்பதற்காக மட்டும் ஈ.சி.சி. வாங்கத் தேவையில்லை. கணக்கின் பெறுமதிக்காக வாங்குங்கள்.

அடுத்த தலைமுறை ரெம்மான டி.டி.ஆர்.5 பற்றி ஒரு குழப்பம் பரவலாக இருக்கிறது. "டி.டி.ஆர்.5 எல்லாமே ஈ.சி.சி.தானே" என்பார்கள். டி.டி.ஆர்.5 சிப்புக்குள்ளே ஒரு பிழை திருத்தம் உண்டு. அது சிப்புக்குள் மட்டும். சிப்பிலிருந்து புரொசெசர் வரை வரும் வழியில் நடப்பதை அது பார்க்காது. திருத்தியதை யாருக்கும் சொல்லவும் செய்யாது. உண்மையான ஈ.சி.சி. டி.டி.ஆர்.5 தனியாக விற்கப்படும், விலையும் கூட.

இனி, காசை அதிகம் வீணாக்கும் இடம். பழைய சேவர்களிலிருந்து கழற்றிய ஈ.சி.சி. ரெம் மலிவாகக் கிடைக்கும். அதில் பெரும்பாலானவை ரெஜிஸ்டர்ட் வகை, அதாவது ஆர்-டிம். ஸியோன் ஈ, ரைசன், எபிக் 4004 (மேலே சொன்ன 4244பி-யின் வரிசை) எதிலும் ஆர்-டிம் ஓடாது. இவற்றுக்கு வேண்டியது அன்பஃபர்ட் ஈ.சி.சி., அதாவது யு-டிம். டி.டி.ஆர்.4இல் இரண்டும் ஒரே ஸ்லொட்டில் அழகாக உட்காரும், ஆனால் மெஷின் ஏறாது. மதர்போர்ட் பழுது என்று நினைத்து அதையும் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். தகட்டில் ஒட்டியிருக்கும் லேபளில் வேக எண்ணுக்குப் பின்னால் ஆர் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் ரெஜிஸ்டர்ட். ஈ என்று இருந்தால் உங்களுக்கானது. டி.டி.ஆர்.5இல் வெட்டுத்தடம் வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது.

நடுவழி

ஈ.சி.சி. வேண்டும், சேவர் விலை கட்டுப்படியாகாது என்றால் நடுவே சில வழிகள் இருக்கின்றன. ரைசன் 5 5600 போன்ற ஏ.எம்.4 புரொசெசர்களின் கண்ட்ரோலரில் ஈ.சி.சி. இருக்கிறது. மதர்போர்ட் அதற்கு வயர் விட்டு, பயோசில் (மெஷின் ஏறும்போது முதலில் ஓடும் போர்டின் அமைப்புப் புரோகிராம்) இடம் கொடுத்திருந்தால் வேலை செய்யும். எஸ்ரொக், எசுஸ் போர்டுகள் பலவற்றின் மெனுவலில் "ஈ.சி.சி. அன்பஃபர்ட்" என்று வெளிப்படையாக எழுதியிருக்கும். அப்படி எழுதாத போர்டை, "போட்டுப் பார்க்கலாம்" என்று வாங்காதீர்கள். சில போர்டுகள் ஈ.சி.சி. தகட்டை ஏற்றுச் சாதாரண ரெம்மாகவே ஓட்டும்; 72 பிட்டில் 8ஐக் கண்டுகொள்ளாது. இன்னொன்று, 5600ஜி போல் உள்ளே கிராஃபிக்ஸ் உள்ளவற்றில் புரோ என்று பெயர் கொண்டவற்றுக்குத்தான் ஈ.சி.சி. உண்டு. சாதாரண 5600க்கு உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை, ஆகவே ஒரு சின்னக் கார்டும் கணக்கில் சேரும்.

இன்டெல் பக்கம் 12ஆம் தலைமுறை ஐ5-12500ஐ டபிள்யூ680 சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்) உள்ள போர்டில் போட்டால் ஈ.சி.சி. ஓடும். பி660, எச்610 போர்டில் ஓடாது. அதற்கு முந்திய காலத்தில் ஐ3-8100, ஐ3-9100 இரண்டிலும் ஈ.சி.சி. இருந்தது, சி246 போன்ற சிப்செட்டோடு. செகண்ட்-ஹேண்ட் வேர்க்ஸ்டேஷன் ஒன்று சி246 சிப்செட்டுடன் நல்ல நிலையில் கிடைத்தால் சின்ன ஒபிஸுக்கு அதுவே தாராளம்.

பழைய ஸியோன் ஈ3 வகையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்றாம் பதிப்பு வரை, உதாரணமாக ஈ3-1231 வி3, சாதாரண எச்81, பி85 போர்டுகளில் ஓடும் என்பதால் மலிவான ஐ7 என்று பெயர் எடுத்தது. 2015இல் வந்த ஐந்தாம் பதிப்பிலிருந்து இன்டெல் அந்தக் கதவை மூடிவிட்டது. சி232 அல்லது சி236 சிப்செட் கட்டாயம். தனிப் புரொசெசர் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, பிறகு போர்ட் தேடி அலையாதீர்கள்.

இணையத்தில் வரும் எக்ஸ்99 போர்டும் ஸியோன் ஈ5-2680 வி4உம் சேர்ந்த கட்டு இன்னொரு ஆசை காட்டி. 14 கோர், அதுவும் அந்த விலைக்கு. ஆனால் 2016இல் வந்த புரொசெசர் அது. உச்ச வேகமே 3.3 கிகாஹேட்ஸ். கணக்குப் புரோகிராம்கள் பெரும்பாலும் ஒரு கோரையே உழைக்கவைக்கும். 14 இருந்தும் 13 சும்மா இருக்கும். கரண்டும் குடிக்கும். சும்மா இருக்கும்போது 30 வொட் எடுக்கும் டெஸ்க்டொப் மாதம் முழுவதும் ஓடினால் 21.6 யூனிட். 45 வொட் எடுக்கும் டவர் சேவர் 32.4. 90 வொட் என்றால் 64.8. வீட்டுப் பில்லில் 60, 90, 120, 180 என்று படி தாண்டத் தாண்ட யூனிட் விலை ஏறுவது தெரிந்ததுதான். வீட்டோடு சேர்ந்த கடையில் 24 மணி நேரமும் ஓடும் பழைய ஸியோன் முழுப் பில்லையும் மேல்படிக்குத் தள்ளிவிடும்.

யார் போய் ஓன் பண்ணுவது?

டெஸ்க்டொப்புக்கும் சேவருக்கும் மலையில் தெரியும் பெரிய வித்தியாசம் புரொசெசரில் இல்லை, மதர்போர்டில் இருக்கும் பி.எம்.சி. என்ற சின்னச் சிப்பில்தான் இருக்கிறது. அது தனியாக ஓடும் இன்னொரு கொம்பியூட்டர். மெஷின் நின்றிருந்தாலும் பிளக்கில் கரண்ட் இருந்தால் அது உயிரோடு இருக்கும். தூரத்திலிருந்து மெஷினை ஓன் பண்ணலாம், ரீசெட் பண்ணலாம், பயோஸ் திரையைப் பார்க்கலாம், ஃபேன் வேகத்தையும் எந்த ரெம் தகட்டில் பிழை என்பதையும் படிக்கலாம். டெல் அதை ஐடிராக் என்றும், எச்.பி.ஈ. ஐ.எல்.ஓ. என்றும் அழைக்கின்றன.

கொழும்பில் இது வசதி. பொகவந்தலாவைக்கு மேலே ஒரு டிவிஷன் ஒபிஸில் இது ஒரு நாள் பயணம். தென்மேற்குப் பருவ மழைக்கு மரம் விழுந்து லைன் போனால், மண்சரிவில் பாதை மூடினால், யாரும் போய் ஒரு பொத்தானை அழுத்த முடியாது. அப்படியான இடத்துக்கு பி.எம்.சி. உள்ள சேவரை நான் தயங்காமல் சொல்வேன், ஈ.சி.சி. தேவைப்படாவிட்டாலும்கூட.

ஆனால் வாங்குமுன் இரண்டு விஷயத்தைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். முதலாவது, பி.எம்.சி. உண்மையில் இருக்கிறதா? மலிவான டவர் சேவர்களில் சிலவற்றில் அது கிடையாது; டெல் டி40இல் ஐடிராக் இல்லை, டி140இல் உண்டு. எச்.பி.ஈ. மைக்ரோசேவர் ஜென்10 பிளஸுக்கு ஐ.எல்.ஓ. வேண்டுமென்றால் தனிக் கார்ட் வாங்க வேண்டும். இரண்டாவது, லைசன்ஸ் எந்தப் படி? ஐடிராக்கில் தூரத்திலிருந்து திரையைப் பார்க்க என்டர்பிரைஸ் லைசன்ஸ் வேண்டும். டவர் சேவர்களில் ஐ.எல்.ஓ. சாதாரணப் படி, ஓப்பரேட்டிங் சிஸ்டம் ஏறும்வரை திரையைக் காட்டிவிட்டு மூடிக்கொள்ளும். கொட்டேஷனில் "ரிமோட் மெனேஜ்மென்ட் உண்டு" என்று ஒரே வரியில் எழுதுவார்கள். அந்த வரி எதையும் உறுதிப்படுத்தாது.

பி.எம்.சி.யை நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து வைக்கக் கூடாது. அதன் சொப்ட்வெயாரில் ஓட்டைகள் அடிக்கடி கண்டுபிடிக்கப்படுகின்றன. உள்ளே நுழைந்தவன் மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தவனுக்குச் சமம். 4ஜி ரவுட்டரில் இன்டர்நெட் எடுக்கும் இடங்களில் வெளியிலிருந்து உள்ளே வரப் பொது முகவரியும் பெரும்பாலும் கிடைக்காது. ஆகவே வயர்கார்ட் என்ற பாதுகாப்பான வி.பி.என். தொடர்பு ஓடக்கூடிய ஒரு சின்ன ரவுட்டர் உள்ளிருந்து வெளியே தொடர்பு எடுத்து வைத்திருக்கட்டும். அந்த ரவுட்டரையும் சேவர் நிற்கும் யு.பி.எஸ்.ஸிலேயே மாட்டுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் சேவர் ஓடும், வழி செத்துவிடும்.

டெஸ்க்டொப் வாங்கியவருக்கும் வழி இருக்கிறது. பயோசில் "ஏ.சி. கரண்ட் திரும்பினால்" என்ற பொருளில் ஒரு தெரிவு இருக்கும், அதை "பவர் ஓன்" என்று வையுங்கள். கடையிலிருந்து வரும்போது பெரும்பாலும் "ஓஃப்" என்றே இருக்கும். பிறகு யு.பி.எஸ்.ஸின் யு.எஸ்.பி. வயரை மெஷினில் செருகி, பெட்டரி குறைந்ததும் ஒழுங்காக மூடும்படி செய்யுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அதனால் எத்தனையோ மெஷின் காரணம் தெரியாமல் நின்று கிடக்கிறது. பெட்டரி குறைகிறது, மெஷின் தானாக மூடிக்கொள்கிறது. யு.பி.எஸ். இன்னும் முழுதாகச் சாகவில்லை. அதன் வெளியீட்டில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கிறது. அந்த நேரம் பார்த்து மெயின் கரண்ட் திரும்புகிறது. மெஷினைப் பொறுத்தவரை கரண்ட் போகவேயில்லை. போகாத கரண்ட் எப்படித் திரும்பும்? பயோஸ் அமைப்பு சரியாக இருந்தும் மெஷின் ஏறாது. தீர்வு, மூடும் நேரத்தில் "இரண்டு நிமிடத்தில் உன் வெளியீட்டை வெட்டிவிட்டு, மெயின் வந்தால் திரும்பத் தா" என்று யு.பி.எஸ்.ஸுக்குக் கட்டளை கொடுப்பது. லினக்ஸில் நட் என்ற புரோகிராமில் இது இருக்கிறது. யு.பி.எஸ். அந்தக் கட்டளையைக் கேட்கக்கூடிய ரகமா என்பதைக் கடையில் கேளுங்கள், யு.எஸ்.பி. துவாரம் இருப்பவை எல்லாம் கேட்பதில்லை.

யு.பி.எஸ்.ஸே கூட எல்லாவற்றுக்கும் முதல் செலவாக இருக்க வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தோட்ட லைன்களுக்கு ஏ.வி.ஆர்., அதாவது வோல்டேஜைத் தானாகச் சீராக்கும் வசதி, உள்ள லைன்-இன்டர்அக்டிவ் ரகம் அவசியம். 650 வி.ஏ. என்று எழுதியிருப்பது ஏறக்குறைய 360 வொட்தான். அதுவும் சில நிமிடத்துக்கு. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேரம் வரை வெட்டிய நாட்களுக்கு எந்த யு.பி.எஸ்.ஸும் தாங்கியிருக்காது. ஒழுங்காக மூடி ஒழுங்காக எழுவதுதான் அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது. சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி கரண்ட் வயரால் மட்டும் வருவதில்லை. கட்டடத்துக்குக் கட்டடம் வெளியே இழுத்த நெட்வேர்க் வயராலும் வந்து போர்டைக் கருக்கும். அந்த இடத்தில் செம்பு வயருக்குப் பதில் ஃபைபர் போடுங்கள்.

குளிர் நல்லதுதான், ஈரம்தான் கெட்டது

குளிர் இடம் என்பதால் சூடு பற்றி யோசிக்கத் தேவையில்லை என்பார்கள். பெரும்பாலும் உண்மை. சேவர் தயாரிப்பாளர்கள் 10 முதல் 35 பாகை செல்சியஸ் வரை என்று எல்லை கொடுக்கிறார்கள். டெல்லின் கணக்குப்படி 900 மீட்டருக்கு மேல் ஒவ்வொரு 300 மீட்டருக்கும் மேல் எல்லையில் 1 பாகை குறையும், மேலே காற்று மெல்லியது என்பதால். 1,868 மீட்டரில் உள்ள நுவரெலியாவுக்கு ஏறக்குறைய 32 பாகை வரும். அந்த ஊரில் அந்தச் சூடு வருவதில்லை. கவனிக்க வேண்டியது கீழ் எல்லை: தை, மாசி இரவுகளில் 10 பாகைக்குக் கீழே போகும். ஓடிக்கொண்டிருக்கும் மெஷின் தன் சூட்டிலேயே தப்பித்துக்கொள்ளும். இரவு முழுக்கக் கரண்ட் இல்லாமல் கிடந்த மெஷின் காலையில் இரும்புத் துண்டு போல் குளிர்ந்திருக்கும். கதவைத் திறந்து, ஆட்கள் வந்து, கேத்தல் கொதித்ததும் ஈரக் காற்று அந்தக் குளிர்ந்த போர்டில் படியும். அந்த நேரத்தில் ஓன் பண்ணாதீர்கள். மூடியைத் தொட்டுப் பாருங்கள், அறையின் சூட்டுக்கு வரட்டும். வெளிச்சுவரிலிருந்து ஒரு அடியாவது தள்ளி, நிலத்திலிருந்து உயர்த்தி வையுங்கள். தேயிலைத் தூள் பறக்கும் சலிப்பு அறைக்குப் பக்கத்தில் வைக்க நேர்ந்தால் முன்பக்க வடியை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும்; ஈரத்தோடு சேர்ந்த தூள் ஹீட்சிங்கில் பசை போல் ஒட்டிக்கொள்ளும்.

சொப்ட்வெயார் விஷயம்

விண்டோஸ் சேவர் போடப் போகிறீர்கள் என்றால் டெஸ்க்டொப் போர்டின் நெட்வேர்க் சிப்பைப் பாருங்கள். இன்டெல் ஐ219-வி, ஐ225-வி இரண்டுக்கும் விண்டோஸ் சேவருக்கான டிரைவரை இன்டெல் தருவதில்லை, இன்ஸ்டோலர் மறுத்துவிடும். தனி நெட்வேர்க் கார்ட் போட்டால் தீரும், ஆனால் தெரிந்து போட வேண்டும். விண்டோஸ் சேவர் ஸ்டான்டர்ட் லைசன்ஸ் குறைந்தது 16 கோருக்கு வாங்க வேண்டும் என்பதால் 4 கோர் மெஷினுக்கும் அதே விலை. 2022 எசென்ஷல்ஸ் பதிப்பு 10 கோருக்குள் உள்ள ஒற்றைப் புரொசெசருக்கு, 25 பேர் வரை. சின்ன ஒபிஸுக்குப் போதும்.

ஒரே மெஷினுக்குள் பல கொம்பியூட்டர் போல் ஓடும் வேர்ச்சுவல் மெஷின்களை ஓட்டுவதென்றால், பெரிய கோரும் சின்னக் கோரும் கலந்த ஐ5-13400 போன்றவற்றைத் தவிருங்கள். அவற்றை ஓட்டும் சொப்ட்வெயாரான வி.எம்.வெயார் ஈ.எஸ்.எக்ஸ்.ஐ. இரண்டு ரகக் கோரைக் கண்டால் ஊதா நிறத் திரையோடு நின்றுவிடும், தொடக்கத்தில் தனித் தெரிவு கொடுக்காவிட்டால். ஐ5-12400இல் ஆறும் ஒரே ரகம், பிரச்சினை இல்லை. 2023 டிசம்பரில் வந்த ஸியோன் ஈ-2400 வரிசையில் இன்டெலே சின்னக் கோர்களை மூடித்தான் தருகிறது. 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 புரொசெசர்களில் வோல்டேஜ் கூடி நாளடைவில் பழுதாகும் பிரச்சினையை இன்டெல் 2024இல் ஒப்புக்கொண்டு, பயோசோடு வரும் மைக்ரோகோட் என்ற திருத்தத்தை வெளியிட்டது. அவற்றை இரவு பகலாக ஓட்டப் போகிறவர் புதிய பயோஸ் ஏற்றாமல் தொடங்கக் கூடாது.

சி.சி.டி.வி. பதிவுக்கென்றால் முடிவு தலைகீழ். ஐ3-12100இன் உள்ளே இருக்கும் யு.எச்.டி. 730 கிராஃபிக்ஸ் பல கேமராவின் வீடியோவை இலேசாகப் பிரிக்கும். ஸியோன் ஈ-2336, ஈ-2436 எதிலும் கிராஃபிக்ஸ் இல்லை. அதே வேலையைக் கோர்கள் வியர்த்துச் செய்ய வேண்டும். டியூட்டரி பாடக் கோப்புகள், பாடசாலை லேப், ஒற்றை பில் மெஷின் இவற்றுக்கும் டெஸ்க்டொப்பே போதும். பேர்க்கணக்கு, சங்கத்தின் கடன், சேமிப்புப் பேரேடு என்று பலரது பணம் நிற்கும் இடத்துக்கு ஈ.சி.சி. வேண்டும், ஆள் போக முடியாத இடத்துக்கு பி.எம்.சி. வேண்டும்.

எதுவும் நிச்சயமில்லை என்றால், ஒரு சேவரின் விலைக்கு ஒரே மாதிரி இரண்டு டெஸ்க்டொப் வாங்கி, ஒன்றை ஓடவிட்டு மற்றதைப் பக்கத்தில் வைப்பதை நான் விரும்புவேன். பி660 போர்ட் கண்டியில் அன்றைக்கே கிடைக்கக்கூடிய சாமான். சேவர் போர்டுக்கு ஏஜென்ட் வழியாக ஓர்டர் கொடுத்துக் காத்திருக்க வேண்டிவரும். இரவில் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு டேட்டாபேஸ் பெக்கப் போகட்டும். முதலாவது நின்ற அன்று வயரை மாற்றிச் செருகினால் அரை மணி நேரத்தில் ஒபிஸ் ஓடும்.

எதை வாங்கினாலும் மெஷின் வந்த அன்றே வேலையில் ஏற்றாதீர்கள். ரெம்மைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 புரோகிராமை ஒரு யு.எஸ்.பி.யில் போட்டு, நான்கு சுற்றையும் இரவு முழுக்க ஓடவிடுங்கள். ஈ.சி.சி. வாங்கியிருந்தால் அதன் திரையிலேயே ஈ.சி.சி. இயங்குகிறதா என்று காட்டும். லினக்ஸ் ஏற்றிய பிறகு டிஎம்ஐடிகோட் கட்டளையில் மெமரியின் மொத்த அகலம் 72, தரவு அகலம் 64 என்று வர வேண்டும். இரண்டும் 64 என்றால் காசு கொடுத்தது கிடைக்கவில்லை. 72 வந்தாலும் தகடு ஈ.சி.சி. என்பது மட்டும்தான் உறுதி, கண்ட்ரோலர் அதைப் பாவிக்கிறதா என்பதை ஈ.சி.சி. பிழைகளைக் கவனிக்கும் எடாக் டிரைவர் ஏறியதா என்று லினக்ஸின் கேர்னல் பதிவில் பார்த்தே சொல்லலாம். டபிள்யூமிக் கட்டளை உள்ள விண்டோஸ் பதிப்புகளில் மெமரிப் பிழை திருத்தம் 5 அல்லது 6 என்றால் ஈ.சி.சி. உண்டு, 3 என்றால் இல்லை.

கடைசியாக, கடைக்காரர் பக்கத்தில் நிற்கும்போதே யு.பி.எஸ்.ஸைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். பெட்டரி குறைந்து மெஷின் தானாக மூடும்வரை பொறுங்கள். மூடிய அடுத்த நிமிடமே, யு.பி.எஸ். இன்னும் கத்திக்கொண்டிருக்கும்போதே, திரும்பச் செருகுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் மெஷின் தானாக எழும்பினால் பற்றுச்சீட்டில் கையெழுத்து வையுங்கள்.